மென்பொருளின் தரையும் மில்லின் தரையும்: நெல் சல்லடை ஒன்றை மாதிரியாக்கிய வகுப்பின் நிகழ்வு ஆய்வு

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலையில், நெல் சுத்தம் செய்யும் சல்லடையைத் தாங்கி நிற்கும் நான்கு மரப் பட்டைகளில் பின்புறம் வலதுகைப் பக்கம் இருக்கும் பட்டைதான் அடிக்கடி முறிகிறது என்று அந்த ஆலையின் மெக்கானிக் எங்களிடம் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் அதே எந்திரத்தின் மாதிரியை ஓட்டிப் பார்த்தபோது, அதே பட்டையின் மேல் வரும் விசை பூஜ்யம் என்று மென்பொருள் காட்டியிருந்தது. அந்தப் பூஜ்யத்தை நான் சரிபார்க்காமலே மதிப்பெண் போட்டிருந்தேன். வரைகோடு அழகாக இருந்தது, அசைவுப் படம் தடங்கலின்றி ஓடியது, மாணவர்கள் நன்றாக விளக்கினார்கள். இவை போதும் என்று நினைத்துவிட்டேன்.

எந்திர அமைப்புகளைக் கற்பிக்க சிமுலேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவதைப் பற்றிய இந்தப் பதிவு அந்தப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மென்பொருள் தவறு செய்யவில்லை. அதற்கு நாங்கள் சொன்னதை அது அப்படியே கணக்கிட்டது. நாங்கள் சொல்லாமல் விட்டவை எவை, அவற்றை மாணவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

இடமும் வகுப்பும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய சோதனைச் சாவடிகளுக்கு இப்பால் உள்ள சித்தூர் வட்டம் கேரளத்தைச் சேர்ந்தது என்றாலும், வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி. இங்கே தமிழ் வழிப் பள்ளிகளில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களோடு மலையாளம் பேசும் பிள்ளைகளும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் எல்லை தாண்டி வருகிறவர்களும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஒரு கணக்கு ஏன் தப்பானது என்று தங்களுக்குள் வாதாடும்போது அவர்கள் தத்தம் வீட்டு மொழிக்குத்தான் போகிறார்கள். இந்த நிகழ்வில் முக்கியமான கேள்வி ஒன்று தமிழில் எழுந்ததால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

சிமுலேஷன் மென்பொருளை நான் நாடியதற்குக் காரணம் எளியது. எந்திரங்களின் இயக்கவியல் ஆய்வகத்தில் எந்திர வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு கவர்னர் கருவி, ஒரு சுழல்தண்டு அதிர்வுக் கருவி, ஒரு சமன்படுத்தும் கருவி என்று ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழு முன்னால் நின்று அளக்கும், மற்றவர்கள் பின்னால் நின்று எழுதிக்கொள்வார்கள், சிலர் போன வருடத்து அண்ணன்களின் ரெக்கார்டைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். கருவியில் கிராங்கின் (சுழலும் கையின்) நீளத்தை மாற்ற முடியாது, எடையைக் கூட்ட முடியாது, வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ‘இப்படி மாற்றினால் என்ன ஆகும்?’ என்று மாணவர் கேட்டால், கரும்பலகையில் சமன்பாடு எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மென்பொருளில் அந்தக் கேள்விக்கு மாணவரே விடை தேடலாம். நான்கு கண்ணி இணைப்பில் ஒரு கண்ணியின் நீளத்தை இழுத்து மாற்றினால், முழுச் சுற்று சுற்றிய கிராங்க் ஊசலாடத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தொடக்கப் பாடங்களுக்கு ஐ.ஐ.டி. டெல்லியில் உருவான மெக்அனலைசர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். முப்பரிமாண இயக்கத்துக்கும் விசைகளுக்கும் ஆடம்ஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பை எடுத்துக்கொண்டோம். கணக்கைத் தாங்களே எழுதிச் சரிபார்ப்பதற்கு இலவச மென்பொருளான சைலாப் உதவியது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் அதற்கான பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைப்பது, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்பட்டது.

சல்லடை

ஆயத்த மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது ஓர் அளவுக்கு மேல் உதவாது என்று தெரிந்ததும், ஊரில் ஓடும் ஓர் எந்திரத்தை அளந்து மாதிரியாக்குவதைப் பருவத்தின் முதன்மைப் பணியாக வைத்தேன். ஒரு குழு அரிசி ஆலையைத் தேர்ந்தெடுத்தது. பாலக்காட்டு மட்டை அரிசி விளையும் வட்டாரத்தில் இது இயல்பான தேர்வுதான். குழுவில் ஒரு மாணவியின் உறவினர் அந்த ஆலையை நடத்துகிறார் என்பதும் காரணம்.

எந்திரம் மிகவும் எளியது. ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள சல்லடைப் பெட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் நான்கு மரப் பட்டைகளில் நிற்கிறது. ஒவ்வொரு பட்டையும் 400 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம். மேலும் கீழும் இரண்டிரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டது. பின்னால் ஓர் எக்சென்ட்ரிக், அதாவது மையம் தள்ளிச் சுழலும் வட்டு, அதன் மையவிலகல் 12 மி.மீ. அதிலிருந்து ஒரு கனெக்டிங் ராடு பெட்டியை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டார் கப்பி 4 அங்குலமும் எக்சென்ட்ரிக் கப்பி 18 அங்குலமுமாக இருந்தபோது சல்லடை நிமிடத்துக்கு 320 முறை ஆடியது. முண்டகன் (இரண்டாம் போக) அறுவடைக்குப் பிறகு நெல் குவிந்ததால், ஆலைக்காரர் மோட்டார் கப்பியை மாற்றி 5 அங்குலமாக்கிவிட்டார். வேகம் 400 ஆயிற்று. அதிலிருந்து சட்டம் ஆடுகிறது, நட்டு தளர்கிறது, பட்டை முறிகிறது என்பதுதான் அவருடைய புகார். மாணவர்களிடம் அவர் அதைத் தீர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

மாணவர்கள் அளந்து வந்து மாதிரியைக் கட்டினார்கள். பட்டைகளின் இரு முனையிலும் கீல் வைத்தார்கள், எக்சென்ட்ரிக்குக்குச் சுழற்சி கொடுத்தார்கள், சட்டத்தை மென்பொருளின் அசையாத் தளத்தோடு பொருத்தினார்கள். ஓட்டிப் பார்த்தபோது பெட்டி அழகாக ஆடியது. சட்டத்தில் எந்த ஆட்டமும் இல்லை. ஆலைக்காரரின் புகாருக்கு மாதிரியில் அடையாளமே தெரியவில்லை என்பதை அவர்கள் அறிக்கையில், ‘போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாதது காரணமாக இருக்கலாம்’ என்று ஒரு வரியில் கடந்து சென்றார்கள். நானும் கடந்து சென்றேன்.

நாற்காலியின் நான்காவது கால்

ஆலைக்கு நான் உடன் போன நாளில்தான் மெக்கானிக் அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். ‘இந்த வலதுகைப் பின் பட்டை இருக்குதுங்களே சார், இதுதாங்க சும்மா சும்மா போகுது. மத்த மூணும் எத்தனையோ நாளாச் சோடை போகல’ என்றார். அவர் கையில் முறிந்த பட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டும் கீழ் கிளாம்ப்பின் விளிம்போரத்தில் குறுக்காக வெடித்திருந்தன. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஜ்யம் என்று வந்த பட்டை அதுதான்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக மென்பொருள் தந்த செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தோம். மாதிரி ஓடத் தொடங்கும்போதே, மிகைக் கட்டுப்பாடுகள் (ஏற்கெனவே தடுக்கப்பட்ட அசைவையே மறுபடி தடுப்பவை) இருப்பதாகவும் அவற்றில் சிலவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடுவதாகவும் அது ஒரு பட்டியல் தந்திருந்தது. யாரும் படிக்கவில்லை. அதை இப்போது கையால் கணக்கிட்டோம். அசையும் உறுப்புகள் பெட்டி, நான்கு பட்டைகள், எக்சென்ட்ரிக், ராடு என ஏழு. கட்டின்றி இருக்கும் ஓர் உறுப்புக்கு மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி என ஆறு சுதந்திர இயக்கக்கூறுகள் என்பதால் மொத்தம் 42. கீல்கள் பதினொன்று, ஒவ்வொன்றும் ஐந்து கூறுகளைத் தடுப்பதால் 55. கழித்தால் −13. எந்திரமோ கண்முன்னே ஒரு கூறோடு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 14 கட்டுப்பாடுகள் மிகை. இரு பரிமாணத்தில் பக்கவாட்டுப் படமாக வரைந்து, இயக்கக்கூறுகளை எண்ணும் குட்ஸ்பாக் விதியைப் போட்டால், வலது இடது பட்டைகள் ஒன்றாகிவிடுவதால், சட்டத்தையும் சேர்த்து ஆறு கண்ணிகளும் ஏழு கீல்களும் சேர்ந்து சரியாக ஒன்று என்று விடை வருகிறது. பாடத்தில் நாங்கள் போட்டுக் காட்டியது அந்தக் கணக்கைத்தான். அதனால் முப்பரிமாணத்தில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

இதை விளக்க எனக்கு நாற்காலிதான் கைகொடுத்தது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று காலிலும் எவ்வளவு சுமை என்று சமநிலைச் சமன்பாடுகளே சொல்லிவிடும். நாற்காலியின் நான்கு காலும் கொஞ்சமும் வளையாதவை, தரையும் கொஞ்சமும் அமுங்காதது என்று வைத்துக்கொண்டால், எந்தக் காலில் எவ்வளவு சுமை என்று சொல்லவே முடியாது. ஒரு காலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலும் சமன்பாடுகளுக்குக் குறை இருக்காது. உண்மையான நாற்காலியில் சுமையைப் பங்கிடுவது மரத்தின் வளைவும் தரையின் மேடுபள்ளமும்தான். மென்பொருள் மிகையான கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டுக் கணக்கை முடித்தது. எடுக்கப்பட்டவற்றில் பின் வலது பட்டையைச் சேர்ந்தவையும் இருந்தன. அதனால் அங்கே பூஜ்யம். அந்த எண்ணுக்கு எந்திரத்தைப் பற்றிய பொருள் எதுவும் கிடையாது.

வகுப்பில் அரை மணி நேரம் இதைப் பேசிய பிறகு ஒரு மாணவன் கேட்டான்: ‘அப்படின்னா சார், வந்த நம்பர்ல எது எந்திரத்தோடது, எது சாஃப்ட்வேரோடதுன்னு எப்படிப் பிரிக்கிறது?’ இந்தக் கேள்வியை மாணவர் வாயில் வரவழைப்பதற்குத்தான் சிமுலேஷன் வகுப்பே தேவை என்று நான் இப்போது நம்புகிறேன்.

வளையும் பட்டை

மிகையை நீக்க ஒரே நேர்மையான வழி, பட்டையை உள்ளபடி வைப்பதுதான். ஆலையில் பட்டைக்குக் கீலே கிடையாது. இரு முனையும் இறுக்கிப் பிடிக்கப்பட்டு, நடுவில் வளைந்து ஆடுகிறது. இரு முனை இறுக்கிய பட்டையின் பக்கவாட்டு விறைப்பு, மரத்தின் விறைப்பைக் குறிக்கும் மீட்சிக் குணகத்தையும், குறுக்குவெட்டின் வடிவத்தைப் பொறுத்த நிலைமத் திருப்பத்தையும் 12ஆல் பெருக்கி நீளத்தின் முப்படியால் வகுத்தால் கிடைக்கும். மரத்தின் மீட்சிக் குணகம் 10 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பட்டைக்கு ஒரு மி.மீ.க்கு 6 நியூட்டன், நான்குக்கும் சேர்த்து 24 நியூட்டன். (ஒரு குழு இதை மீட்டர் அலகில் உள்ளிட்டுவிட்டுப் பெட்டி தொய்ந்து விழுவதைப் பார்த்துத் திகைத்தது. அலகுப் பிழையை ஆயிரம் மடங்காகக் கண்ணுக்குக் காட்டுவதில் சிமுலேஷனுக்கு இணை இல்லை.)

கீலுக்குப் பதில் இந்த விறைப்பை வைத்ததும் நான்கு பட்டையிலும் விசை தோன்றியது. ராடு பெட்டியின் நடுவில் இல்லாமல் மோட்டாரின் பக்கமாக, வலப்புறம் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால் பெட்டி இலேசாக முறுக்கிக்கொண்டு ஆடுகிறது என்பதும், நெல் கொட்டும் வாய் பின்புறம் இருப்பதால் சுமை அங்கே கூடுதல் என்பதும் அப்போதுதான் மாதிரியில் தெரிந்தன. இரண்டும் சேரும் மூலை பின் வலது மூலை. பூஜ்யமாக இருந்த பட்டைதான் நான்கிலும் அதிகச் சுமை தாங்குவதாக வந்தது. மெக்கானிக்குக்கு இது வெகுநாளாகத் தெரியும்.

இதே இடத்தில் இன்னொரு பாடம் எதிர்பாராமல் கிடைத்தது. பழைய வேகமான 320இல் பெட்டியின் உச்ச முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 13.5 மீட்டர், அதை ஆட்டத் தேவையான விசை 1078 நியூட்டன். கீல் வைத்த மாதிரியில் ராடில் வந்த விசையும் இதேதான். வளையும் பட்டை வைத்ததும் ராடு விசை 790ஆகக் குறைந்தது. பட்டைகள் வில்லைப் போலப் பெட்டியைத் திருப்பித் தள்ளுவதால் ராடுக்கு வேலை குறைகிறது. உடனே ஒரு குழு, சட்டத்துக்குப் போகும் விசையும் கால் பங்கு குறைந்துவிட்டது, ஆகவே பட்டையை இன்னும் விறைப்பாக்கினால் ஆட்டம் நிற்கும் என்று முடிவெழுதியது. மற்றொரு குழு மறுத்தது. ராடு குறைத்துக்கொண்ட விசையைப் பட்டைகள் சட்டத்தின் மேல் போடுகின்றன, இரண்டையும் கூட்டினால் மீண்டும் அதே 1078தான், ஏனென்றால் பெட்டியின் எடையும் முடுக்கமும் மாறவேயில்லை என்பது அவர்கள் வாதம். நியூட்டனின் இரண்டாம் விதியை அவர்கள் பள்ளியிலிருந்தே ஒப்பித்து வந்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு முடிவைத் தகர்க்க முடியும் என்பதை அன்றுதான் கண்டார்கள். அந்த விவாதத்தில் நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருக்க முடிந்ததற்காக இன்றும் மகிழ்கிறேன்.

‘இது எந்தத் தரை?’

பட்டை வளைந்தும் சட்டம் ஆடவில்லை. ஆலையிலோ சட்டத்தின் மேல் தண்ணீர் வைத்தால் சிந்துகிறது. இந்த இடத்தில்தான், ஆலைக்காரரின் உறவினரான அந்த மாணவி, திரையில் அசையாத் தளத்தின் குறியைக் காட்டி, ‘சார், சாஃப்ட்வேர் இதத் தரைங்குது. இது எந்தத் தரை?’ என்று கேட்டாள்.

எந்தப் பல்லுறுப்பு இயக்கவியல் மென்பொருளிலும் முதலில் இருக்கும் உறுப்பு அந்தத் தளம்தான். அதற்கு எடையில்லை, விறைப்புக்கு எல்லையில்லை, எவ்வளவு விசை போட்டாலும் அது அசையாது. அதை யாரும் வரைவதில்லை, மென்பொருளைத் திறந்ததுமே அது இருக்கிறது. கோட்பாட்டில் இது புதிதல்ல. எந்திரங்களின் இயக்கவியலை முறைப்படுத்திய ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ, ஒரு கண்ணித் தொடரில் எதை நிலைநிறுத்துகிறோமோ அதைப் பொறுத்தே அது எந்த எந்திரம் என்பது தீர்மானமாகிறது என்று 1875இலேயே விளக்கியிருக்கிறார். நிலைநிறுத்தல் என்பது நாம் செய்யும் தேர்வு. ஆனால் திரையில் அது இயற்கையைப் போலத் தோற்றம் தருகிறது.

சித்தூர் வட்டத்தின் கிழக்கில் இந்தக் கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் உள்ள பகுதி இது. மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும் மண். இங்கே வீடு கட்டுகிறவர்களும் களம் போடுகிறவர்களும் தரை அசையும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்த ஆலையிலும் சட்டத்தின் ஒரு காலடியில் கான்கிரீட் வெடித்து, அடித்தள போல்ட் கையால் அசைத்தால் அசையும் நிலையில் இருந்தது. மாணவர்கள் அதைப் படம் எடுத்து வந்திருந்தார்கள். மாதிரியில் வைக்கவில்லை.

மறுபடி ஆலைக்குப் போனோம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும், கைப்பேசியின் உணரிகளால் அதிர்வை அளக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கைப்பேசியைச் சட்டத்தின் மேல் விளிம்பில் பட்டி போட்டு இறுக்கினோம். எந்திரத்தை நிறுத்தி, கப்பிக்கு ஆப்பு வைத்து, சட்டத்தை ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டியபோது, தணிந்துகொண்டே போகும் அதிர்வு பதிவாயிற்று. தட்டிவிட்டால் சட்டம் தானாக ஆடும் வேகமான இயல் அதிர்வெண் 8.5 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 510. சட்டம், மோட்டார், பெட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ என்று கணக்கிட்டிருந்ததால், சட்டமும் தரையும் சேர்ந்த விறைப்பு ஒரு மி.மீ.க்குச் சுமார் 1140 நியூட்டன் என்று கிடைத்தது.

இந்த ஒரே ஓர் எண்ணை மாதிரிக்குள் வைத்ததும் ஆலைக்காரரின் புகார் திரையில் தெரிந்தது. பழைய 320 வேகத்தில் சட்டம் நடுநிலையிலிருந்து 1.6 மி.மீ. ஆடுகிறது. 400இல் 3.8 மி.மீ. வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 1078இலிருந்து 1684 நியூட்டனாக, ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. அதோடு 510 என்ற இயல் அதிர்வெண்ணை நெருங்கியதால் ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்காயிற்று. ஆலைக்காரர் அன்று சொன்னது நினைவிருக்கிறது: ‘கப்பிய ஒரே ஒரு இஞ்சுதாங்க பெருசு பண்ணேன்.’ அந்த ஓர் அங்குலத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு காரணங்களையும் மாணவர்கள் தனித்தனியே பிரித்துக் காட்ட முடிந்தது. காகிதத்தில் இந்தக் கணக்கு அரைப் பக்கம்தான். ஆனால் ஒத்ததிர்வு (ஆட்டும் வேகம் இயல் அதிர்வெண்ணோடு ஒன்றும் நிலை) என்றால் வரைபடத்தில் வானுக்கு எழும் ஒரு கூர்முனை என்று மட்டும் அறிந்திருந்தவர்களுக்கு, முனையை எட்டாமல் அடிவாரத்தில் நின்றாலே பட்டை முறியும் என்பது புதிய செய்தி.

கைப்பேசியில் அளந்த முடுக்கம் 400 வேகத்தில் வினாடி வர்க்கத்துக்கு 6 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் இடையில் வந்தது, கணக்கு 6.7 என்றது. ஒரு நாள் பழைய கப்பியைத் திரும்ப மாட்ட ஆலைக்காரர் இசைந்தார். அப்போது 2க்குச் சற்றுக் குறைவாக வந்தது, கணக்கு 1.75. இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று மாணவர்களிடம் சொன்னேன். எடையை நாங்கள் தராசில் நிறுக்கவில்லை.

எதைச் செய்வது

தீர்வுக்கு மூன்று யோசனைகள் வந்தன. வேகத்தைக் குறைப்பதை ஆலைக்காரர் ஏற்கவில்லை. எக்சென்ட்ரிக் தண்டில் எதிர் எடை வைப்பது இரண்டாவது. பெட்டியின் விசையை முழுவதும் சமன் செய்யும் எடையை மாதிரியில் வைத்ததும் கிடைமட்ட ஆட்டம் மறைந்தது. குழுவினர் கைதட்டினார்கள். பிறகு செங்குத்து விசையைப் பார்த்தால், அதே 1684 நியூட்டன் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தது. நேர்கோட்டில் ஆடும் எடையைச் சுழலும் எடையால் சமன் செய்தால் ஒரு திசையில் நீங்கியது மற்றொரு திசையில் முளைக்கும் என்பது பழைய நீராவி எந்திரங்களிலிருந்து தெரிந்த உண்மை. பாதியளவு மட்டும், அதாவது 100 மி.மீ. ஆரத்தில் 4.8 கிலோ வைத்தால், இரு திசையிலும் 842 நியூட்டன். வெடித்த கான்கிரீட்டின் மேல் அந்தச் செங்குத்து அடியும் வேண்டுமா என்று அவர்களே கேட்டுக்கொண்டு, இதை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள்.

மூன்றாவது, சட்டத்தின் இரு பக்கமும் ஆங்கிள் இரும்பில் மூலைவிட்டத் தாங்கி வைத்து, வெடித்த காலடியை உடைத்துப் புதுக் கான்கிரீட் போடுவது. ஆலைக்காரருக்கு இது பிடித்தது, ஏனென்றால் ஒரு வெல்டரும் ஒரு கொத்தனாரும் இருந்தால் போதும். வேலை முடிந்த பிறகு சுத்தியால் தட்டி அளந்தபோது இயல் அதிர்வெண் 12.5 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 750 என ஏறியிருந்தது. 400 வேகத்திலேயே ஆட்டம் ஒரு மி.மீ.க்கும் கீழே இறங்கியது. பழைய வேகத்தில் இருந்ததைவிட இது குறைவு. ஆனால் பின் வலது பட்டையின் பிரச்சினை இதோடு தீரவில்லை. ராடு வலப்புறம் தள்ளியிருப்பதும் நெல் கொட்டும் வாயின் இடமும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே கூடுதல் கனமுள்ள பட்டையை மெக்கானிக் தம் போக்கில் முன்பே போட்டுப் பார்த்து, அதுவும் முறிந்ததைக் கண்டிருக்கிறார். வளைவின் அளவு மாறாதபோது கனத்த பட்டையில் தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசை) கூடத்தான் செய்யும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ராடின் இடத்தை மாற்றுவது அடுத்த அறுவடைக்குப் பிறகு என்று இருக்கிறது.

கற்பித்தலில் மாறியவை

இந்தப் பணி எடுத்துக்கொண்ட நேரம் பாடத்திட்டம் தரும் நேரத்தைவிட மிகுதி. கவர்னர், கைரோஸ்கோப் இரண்டையும் அந்தப் பருவத்தில் வேகமாகத்தான் ஓட்டினேன். எல்லாக் குழுக்களுக்கும் இவ்வளவு வளமான எந்திரம் கிடைக்கவில்லை. ஒரு குழு எடுத்த கரும்பு பிழியும் எந்திரம் பல்சக்கர விகிதத்தோடு முடிந்துவிட்டது. மென்பொருளில் கைதேர்ந்த மாணவர்களே எப்போதும் எந்திரத்தை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மாதிரியை மிக வேகமாகக் கட்டிய மாணவன் கடைசிவரை ஆலைக்கு வரவில்லை, அவன் அறிக்கையில் இருந்த வரைகோடுகளில் உச்சங்கள் வெட்டுப்பட்டிருந்தன. வினாடிக்கு ஐம்பது புள்ளி மட்டுமே பதிவு செய்திருந்தான். ஒரு சுற்றுக்கு ஏழு, எட்டுப் புள்ளிக்கு மேல் வராது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

இருந்தாலும், ஆய்வகக் கருவி ஒன்றை மட்டும் நம்பியிருந்த காலத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். கருவி தவறான விடை தராது, அதனால் மாணவர் அதைச் சந்தேகிக்கவும் கற்க மாட்டார். சிமுலேஷன் நாம் கொடுத்த அனுமானங்களை முழு நம்பிக்கையோடு திருப்பித் தருகிறது. அந்த நம்பிக்கையை உடைக்க ஓர் ஆலையும், ஒரு மெக்கானிக்கும், ஒரு கைப்பேசியும் பக்கத்தில் இருந்தால் அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஆலை இல்லாமல் மென்பொருளை மட்டும் வைத்து நடத்தும் வகுப்பு, இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை, பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதற்குச் சமம் என்பது என் கருத்து. வண்ணம் மட்டும்தான் கூடுதல்.

இப்போது எந்த மாதிரி அறிக்கைக்கும் முதல் பக்கத்தில் ஒரே ஓர் அட்டவணை கேட்கிறேன்: அசையாது, வளையாது, தேயாது என்று வைத்துக்கொண்டவை எவை, ஒவ்வொன்றையும் அப்படி வைக்க உனக்கு என்ன ஆதாரம். வரைகோடுகள் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் கையால் போட்ட ஒரு சரிபார்ப்புக் கணக்கு வேண்டும், அது மென்பொருளின் விடையோடு ஒத்துப்போகாவிட்டாலும் மதிப்பெண் உண்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தால்.

வேலை முடிந்த பிறகு மெக்கானிக்கை ஒரு நாள் ஆய்வகத்துக்கு அழைத்திருந்தோம். திரையில் தம் சல்லடை ஆடுவதை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டத்தின் நான்கு காலையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, ‘நாலு காலும் ஒண்ணாட்டந்தான் இருக்குது. அந்த வெடிச்ச மூலையையும் இதுல போடுங்க கண்ணு. புதுசாப் போட்ட காங்கிரீட்டும் அடுத்த மழைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்’ என்றார். அந்த மாணவி நான்கு காலுக்கும் சேர்த்து வைத்திருந்த ஒரே விறைப்பை நான்காகப் பிரித்து, அந்த மூலைக்கு மட்டும் பாதியாகக் குறைத்து மாதிரியை மறுபடி ஓட்டினாள். சட்டம் நேராக ஆடாமல் அந்த மூலையைச் சுற்றித் திருகிக்கொண்டு ஆடியது. பின் வலது பட்டையின் விசை இன்னும் ஏறியது. மெக்கானிக் தலையசைத்தார். மழைக்காலம் முடிந்ததும் சுத்தியும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு நான்கு காலையும் தனித்தனியே தட்டி அளக்க, அடுத்த வகுப்பின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு குழுவை இப்போதே பிரித்து வைத்திருக்கிறோம்.